குத்தகைக்கு வந்த கார்கள்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, கும்பகோணத்தில் முன்பு இருந்த வீடியோ கேம் கடைகளைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். மேட்டூர் அணைத் திறப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியபோது வந்த கடிதங்களைவிட அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் அதிகம். கல்லணையிலிருந்து வேதாரண்யம் வரை இத்தனை பேர் கார் பந்தய விளையாட்டைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதம் மட்டும் இங்கே வருகிறது. மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: 2006-ஆம் ஆண்டு வாக்கில், கும்பகோணத்தில் ஒரு கடையில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து 'கிரான் டூரிஸ்மோ 4' விளையாடியவன் நான். அதில் எனக்குப் பிடித்தது ஃபெராரியோ லம்போர்கினியோ அல்ல, சுசூகி வேகன் ஆர். இப்போது மகனுக்காக வாங்கிய 'கிரான் டூரிஸ்மோ 7'-இல் அதைத் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அதுபோன்ற சாதாரணக் கார்கள் பலவற்றையும் காணோம். இருந்த கார்களை ஏன் எடுத்துவிட்டார்கள்? திரும்ப வருமா?
வங்கி ஊழியர், கும்பகோணம்

பதில்: அன்பரே, முதலில் ஒரு சின்னத் திருத்தம். நீங்கள் 'எடுத்துவிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்தது அநேகமாக அதுவாக இருக்காது, 'மறுபடி சேர்க்கவில்லை' என்பதாகத்தான் இருக்கும். ஒரு விளையாட்டின் அடுத்த பாகம் வரும்போது பழைய கார்கள் தாமாக அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் மறுபடி அனுமதி வாங்க வேண்டும், பெரும்பாலும் மறுபடி வரைந்து உருவாக்கவும் வேண்டும்.

அனுமதி என்பதை நம் பக்கத்துச் சொல்லிலேயே சொல்லிவிடலாம். விளையாட்டில் ஓடும் கார், அந்த விளையாட்டைச் செய்தவருக்குச் சொந்தமானதன்று. அது குத்தகை நிலம். காரின் பெயரும் முகப்பில் இருக்கும் சின்னமும் அதன் வடிவமும் கார் நிறுவனத்தின் சொத்தாகையால், இன்ன விளையாட்டில், இத்தனை ஆண்டுக்கு, இன்னின்ன நிபந்தனையோடு பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார்கள். மொத்தமாக ஒரு தொகை பேசி முடிப்பதும் உண்டு, விற்கும் பிரதி ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதும் உண்டு. முன்னதைக் குத்தகை என்றும் பின்னதை வாரம் (விளைச்சலில் பங்கு) என்றும் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் சொன்னால், அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படாது. 'சரி, வாய்க்கால் மராமத்து யார் செலவு?' என்று அடுத்த கேள்வியைக் கேட்பார். கார் நிறுவனங்களும் அப்படித்தான் கேட்கின்றன. தங்கள் கார் மோதி நசுங்குவதைக் காட்டலாமா, எவ்வளவு நசுங்கலாம், யார் ஓட்டலாம் என்பதுவரை பேச்சுவார்த்தை நீள்கிறது.

ஆனால் உங்கள் வேகன் ஆர் விஷயத்தில் குத்தகையைவிட உழைப்பே பெரிய தடையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த முதல் 'கிரான் டூரிஸ்மோ'வில் ஒரு கார் என்பது சில நூறு பலகோணத் துண்டுகளை ஒட்டிச் செய்த ஒரு பெட்டி. நீங்கள் விளையாடிய நான்காம் பாகத்தில் அது சில ஆயிரம் துண்டுகளாயிற்று. 2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் நன்றாகச் செய்யப்பட்ட கார்களுக்கு அது லட்சக்கணக்கில் போய்விட்டது. இருக்கையின் தையல், கதவின் கைப்பிடி, முன்விளக்குக் கண்ணாடிக்குள் இருக்கும் கண்ணாடி என்று எல்லாவற்றையும் செய்ய வேண்டும். முன்பு ஒருவர் சில நாளில் முடித்ததை இப்போது மாதக்கணக்கில் செய்கிறார்கள். அந்த ஐந்தாம் பாகத்தில் 1,000-க்கு மேல் கார்கள் இருந்தன. அவற்றில் 200 அளவுக்குத்தான் புதிதாகச் செய்தவை. மற்றவை எல்லாம் பழைய பாகங்களிலிருந்து கொண்டுவந்து மெருகேற்றியவை. இரண்டு வகையும் அடுத்தடுத்து நிற்கும்போது, பட்டுப்புடவைக்காரர்கள் நடுவே வெளுத்த வேட்டியோடு வந்து நின்ற தூரத்துச் சொந்தக்காரர் போலப் பழைய கார்கள் தெரிந்தன. விமரிசகர்கள் கிண்டல் செய்தார்கள். எனக்கு அந்தக் கிண்டலில் உடன்பாடில்லை. தூரத்துச் சொந்தக்காரர் வந்ததே பெரிது என்று நினைக்கிற கட்சி நான்.

அடுத்த ஆறாம் பாகம் அவற்றையும் சேர்த்து 1,200-ஐத் தாண்டியது. ஆனால் 2017-இல் 'கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்' வந்தபோது, பழையதை ஒட்டுப்போடும் வேலையே வேண்டாம் என்று முடிவெடுத்து, எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார்கள். வெளிவந்த அன்று அதில் இருந்தவை 160-ஐ ஒட்டிய எண்ணிக்கைதான். அதன் மேல் கட்டப்பட்டதே 2022 மார்ச்சில் 400-க்கு மேற்பட்ட கார்களோடு வந்த உங்கள் ஏழாம் பாகம். நான்காம் பாகத்தில் 700-க்கு மேல் ஓட்டிப் பழகியவருக்கு இது குறைவாகத் தோன்றுவது நியாயமே.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இப்போதெல்லாம் காரை உருவாக்குபவர்கள் உண்மையான கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, நூற்றுக்கணக்கில் புகைப்படம் எடுத்து, லேசர் கருவியால் அளந்து, புகைக்குழாய்ப் பக்கம் ஒலிவாங்கி வைத்து இன்ஜின் சத்தத்தையும் பதிவு செய்கிறார்கள். அரிய ஃபெராரி என்றால், அதைத் துணி போர்த்தி வைத்திருக்கும் பணக்காரர் எங்காவது இருப்பார். ஆனால் ஊரெல்லாம் ஓடிய சாதாரணக் காரை யார் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்? 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் முதல் வகையில் ஒன்றை, அசல் இருக்கை உறையோடும் அசல் சக்கர மூடியோடும் கொண்டுவாருங்கள் என்று சொன்னால், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று மாவட்டத்திலும் அலைந்தாலும் கிடைப்பது கடினம். நூறாண்டு பழைய தேர்ச் சக்கரம் கிடைத்துவிடும்.

திரும்ப வருமா என்றால், வழி அடைபடவில்லை என்பதே என் பதில். ஏழாம் பாகத்துக்குப் பெரும்பாலான மாதங்களில் ஓர் அப்டேட் வருகிறது, ஒவ்வொன்றிலும் சில கார்கள் விலையில்லாமல் வருகின்றன. அதற்கு முன்பாக அந்த விளையாட்டின் கர்த்தாவான கசுனோரி யமாவுச்சி, வரப்போகும் கார்களின் நிழலுருவை மட்டும் இணையத்தில் வெளியிடுவது வழக்கம். நிழலைப் பார்த்து எது எந்தக் கார் என்று கண்டுபிடிப்பது ரசிகர்களுக்கு ஒரு தனி விளையாட்டு. வேகன் ஆரின் நிழலை உங்களால் ஒரு நொடியில் அடையாளம் காண முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஏனென்றால் அது தீப்பெட்டியின் நிழலாகவே இருக்கும்.

கேள்வி: பழைய கார் விளையாட்டுகள் பலவற்றில் போர்ஷே கார் இல்லாததற்குக் காரணம் என்ன? அதற்குப் பதிலாக 'ரூஃப்' என்று ஒரு கார் அச்சு அசலாக அதே வடிவத்தில் இருந்ததே, அது போலியா?
பொறியியல் மாணவர், மயிலாடுதுறை

பதில்: போலி இல்லை, தம்பி. 2000-ஆம் ஆண்டையொட்டி எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் போர்ஷேயிடம் பேசி, அந்தக் காரை விளையாட்டில் பயன்படுத்தும் உரிமையை ஏறத்தாழ முழுக் குத்தகையாக எடுத்துக்கொண்டது. 2016 முடியும்வரை அது நீடித்தது. மற்றவர்கள் போர்ஷேயை வைக்க வேண்டுமானால் இடையில் இருக்கும் குத்தகைக்காரரிடம் உள்குத்தகைக்குப் போய் நிற்க வேண்டும். 'ஃபோர்ஸா' போன்ற பந்தய விளையாட்டுகள் சில சமயம் அப்படிப் போய்ப் பெற்றும் இருக்கின்றன.

ரூஃப் என்பது ஜெர்மனியின் பவேரியாவில் ஃபாஃபன்ஹவுசன் என்ற சிற்றூரில் இருக்கும் ஒரு சிறிய நிறுவனம். போர்ஷேயிடமிருந்து வெற்றுக் கூட்டை வாங்கி, தன் இன்ஜினையும் தன் வேலைப்பாட்டையும் சேர்த்துத் தன் பெயரில் விற்கிறது. ஜெர்மனி அரசே அதைத் தனிக் கார் உற்பத்தியாளராக ஏற்றிருப்பதால், விளையாட்டு நிறுவனங்கள் நேராக அங்கே போய் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. 1987-இல் வந்த அதன் மஞ்சள் நிறக் கார் மணிக்கு 340 கிலோமீட்டரை எட்டிப் புகழ் பெற்றது. எங்கள் காலத்துப் பையன்களில் பாதிப் பேர் போர்ஷேயைப் பார்ப்பதற்கு முன்பே ரூஃபைப் பார்த்தவர்கள். பின்னாளில் சென்னையில் முதன்முதலாக உண்மையான போர்ஷே ஒன்றைப் பார்த்தபோது, 'யாரோ ரூஃபைக் காப்பி அடித்திருக்கிறார்கள்' என்று என் நண்பர் ஒருவர் சத்தமாகவே சொன்னார். குத்தகை முடிந்ததும் 2017-இல் போர்ஷே தன் சொந்தப் பெயரில் 'கிரான் டூரிஸ்மோ'வுக்குள் வந்தது.

கேள்வி: விருப்பக் கார்களின் பட்டியலை எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினால் பயன் உண்டா? நானும் என் தம்பியும் 40 கார் கொண்ட பட்டியல் தயாரித்து வைத்திருக்கிறோம்.
கல்லூரி மாணவி, மன்னார்குடி

பதில்: அனுப்புங்கள், ஆனால் 40 வேண்டாம், நான்கு போதும். நாற்பதைக் கேட்பவருக்கு எது உயிர் என்பது படிப்பவருக்குத் தெரியாது.

ரசிகர் விருப்பத்துக்கு ஓரளவு வலிமை இருப்பதற்குச் சுசூகி எஸ்குடோ சான்று. ஜப்பானில் எஸ்குடோ என்று அழைக்கப்படும் வண்டியைத்தான் நாம் விட்டாரா என்று அறிவோம். ஆனால் 'கிரான் டூரிஸ்மோ' விளையாட்டில் வந்தது, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பைக்ஸ் பீக் மலை மேல் 156 வளைவுகளில் ஏறும் பந்தயத்துக்காக, ஏறத்தாழ 1,000 குதிரைத்திறனோடு செய்யப்பட்ட ராட்சத வடிவம். இரண்டாம் பாகத்தில் அதை வாங்கிவிட்டால் போதும், மற்றப் பந்தயங்கள் எல்லாம் பிள்ளை விளையாட்டு. மலை என்றால் சுவாமிமலையின் 60 படிகளை மட்டுமே அறிந்திருந்த எங்கள் ஊர்ப் பையன்கள், மலையேற்றத்துக்கென்று செய்த காரைச் சமதளத்தில் ஓட்டி மகிழ்ந்தார்கள். கடைக்காரர் அந்தக் கார் இருக்கும் மெமரி கார்டின் மேல் மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டி, அதில் 'பெரியவர்' என்று பேனாவால் எழுதி வைத்திருந்தார். அதைக் கேட்டு வாங்குவதற்குக் காத்திருப்பு வரிசை உண்டு. 2017-இல் வந்த 'ஸ்போர்ட்'டில் அந்தக் கார் இல்லை. ஏழாம் பாகம் வந்ததிலிருந்து உலகெங்கும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022 ஜூனில் வந்தது.

இதற்கு நேர் எதிர், டொயோட்டா. 2017-இலும் 2019-இலும் வந்த 'நீட் ஃபார் ஸ்பீடு' விளையாட்டுகளிலும், 2018-இல் வந்த 'ஃபோர்ஸா ஹொரைசன் 4'-இலும் டொயோட்டாவின் சாலைக் கார்கள் இல்லை. கேட்காத ரசிகர் இல்லை. அதிலும் சூப்ரா என்ற காருக்காகக் கண்ணீர் வடித்தவர்கள் ஏராளம். 2019-இல் அந்நிறுவனத்தின் பிரிட்டன் கிளை இணையத்தில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, சட்டத்துக்குப் புறம்பான தெருப் பந்தயத்தை ஊக்குவிக்கும் விளையாட்டுகளில் தங்கள் காரைப் பார்க்க முடியாது என்ற பொருளில் எழுதியது. சொந்தக்காரர் நிலத்தில் இன்ன பயிர் வைக்கக் கூடாது என்று சொன்னால் குத்தகைக்காரர் என்ன செய்ய முடியும்? 2020-இல் ஒருவழியாக 'ஹொரைசன் 4'-க்குள் சூப்ரா வந்து சேர்ந்தது. அது ரசிகர்கள் கேட்டதால் வந்ததா, மேசைக்கு இரண்டு புறமும் உட்கார்ந்தவர்கள் பேசியதால் வந்ததா என்றால், பேச்சு முடியாமல் எத்தனை கடிதம் போட்டாலும் வந்திருக்காது என்றே சொல்வேன். கடிதங்கள் செய்வது வேறொரு வேலை: ஒப்பந்தத்துக்குச் செலவிடும் பணம் திரும்பி வரும் என்ற தைரியத்தை விளையாட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கின்றன.

இத்தாலியக் கார்களின் கதையும் இதேதான். 2021-இல் 'ஹொரைசன் 5' வந்தபோது ஃபியட், ஆல்ஃபா ரோமியோ, லான்சியா எதுவும் இல்லை. 2023-இல் ஒன்றாகத் திரும்பி வந்தன.

ஆகவே உங்கள் நான்கு காரையும் எழுதும்போது, ஏன் வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். தம்பியின் நான்கைத் தனிக் கடிதமாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 47. பிரவுசிங் சென்டரில் விளையாடிய 'நீட் ஃபார் ஸ்பீடு: மோஸ்ட் வான்டட்' விளையாட்டின் நீலமும் வெள்ளியுமான பிஎம்டபிள்யூ காரை இன்னும் கனவில் காண்கிறேன். என் மனைவி சிரிக்கிறார். இது முறையா?
ஆசிரியர், திருவாரூர்

பதில்: கனவில் காண்பது முறைதான், சிரிப்பதும் முறைதான். 2005-இல் வந்த அந்த விளையாட்டின் கதையே, தொடக்கத்தில் அந்த எம்3 ஜிடிஆர் காரைப் பறிகொடுத்துவிட்டு, அதை மீட்பதற்காக முழுவதும் ஓடுவது என்பதுதானே! பறிகொடுத்தவருக்கு ஏக்கம் வரும்படி எழுதியவர்கள் நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதே வரிசையில் 2012-இலும் 2019-இலும் வந்த விளையாட்டுகளில் அந்தக் கார் மறுபடி வந்திருக்கிறது. மனைவியிடம் இதைச் சொல்லும் நேரத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்கவும்.

கேள்வி: நரேன் கார்த்திகேயன் ஓட்டிய கார் எந்த விளையாட்டிலாவது உண்டா?
பத்தாம் வகுப்பு மாணவர், பட்டுக்கோட்டை

பதில்: உண்டு. 2011, 2012 ஆண்டுகளில் அவர் எச்ஆர்டி அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஓட்டினார். அந்தந்த ஆண்டுக்குக் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் செய்த 'எஃப்1 2011', 'எஃப்1 2012' இரண்டிலும் அவர் பெயரோடு அந்தக் கார் இருக்கிறது. கிரேட்டர் நொய்டாவின் புத்தா பந்தயத் தடமும் 2011 முதல் 2013 வரையிலான விளையாட்டுகளில் இருந்தது. அந்த அணி 2012 முடிவில் கலைந்தது, 2013-க்குப் பிறகு இந்தியாவில் அந்தப் பந்தயம் நடக்கவில்லை; இரண்டும் விளையாட்டிலிருந்தும் போயின. பெரும்பாலும் அந்தந்த ஆண்டின் அணிகளையே காட்டும் விளையாட்டு ஆகையால், பழைய சிடியைத் தேடுவது ஒன்றே வழி.

கேள்வி: என் மகன் இணையத்தில் பணம் கட்டி வாங்கிய கார் விளையாட்டு ஒன்று ஒருநாள் திறக்கவே இல்லை. அவன் இரண்டு வருடமாகச் சேர்த்த கார்கள் எல்லாம் போய்விட்டன என்று அழுதான். பணம் கொடுத்து வாங்கிய பொருளை இப்படிப் பிடுங்க முடியுமா?
இல்லத்தரசி, நன்னிலம்

பதில்: அம்மா, உங்கள் மகன் வாங்கிய விளையாட்டின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். ஆனால் அவன் அழுகைக்கு உலகெங்கும் துணை உண்டு.

இதில் இரண்டு வகை இருக்கிறது, குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் வகையில், கார்களின் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் விளையாட்டை விற்பனையிலிருந்து நீக்குகிறார்கள். 'ஃபோர்ஸா ஹொரைசன் 3' 2020 செப்டம்பரிலும், 'ஹொரைசன் 4' 2024 டிசம்பர் 15-இலும் இப்படி நீங்கின. ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாடலாம், புதிதாக யாரும் வாங்க முடியாது. குத்தகை முடிந்தாலும் அறுவடை செய்து வைத்த நெல்லைக் கேட்டு யாரும் வருவதில்லை அல்லவா, அதுபோல.

இரண்டாம் வகை கொடியது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் விளையாட்டு, எப்போதும் நிறுவனத்தின் கணினியோடு தொடர்பில் இருந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-இல் அந்தக் கணினிகளை நிறுத்தினார்கள். கடையில் வட்டாக வாங்கியவருக்கும் வட்டு வெறும் தட்டானது. அதில் எழுந்த கோபத்திலிருந்துதான் விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள் என்ற இயக்கம் பிறந்தது. இப்படி மூடும்போது விளையாடக்கூடிய நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்று கோரி ஐரோப்பாவில் அவர்கள் தொடங்கிய மனு, 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல், கொடுப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் இணையக் கடைகள் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. உங்கள் மகன் அழுத்திய பொத்தானில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

இனி வாங்கும்போது, இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுத் தனியாக விளையாட முடியுமா என்பதை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 'கிரான் டூரிஸ்மோ 7'கூட 2022 மார்ச்சில் ஓர் அப்டேட் கோளாறால் 30 மணி நேரத்துக்கு மேல் பெரும்பகுதி திறக்காமல் கிடந்தது. கடுமையான மின்வெட்டுக் காலத்தில் கடைசிச் சுற்றில் மின்சாரம் போய்த் தொலைக்காட்சி ஒரு புள்ளியாகச் சுருங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் மூன்று மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தால் கார் அங்கேயே இருந்தது.

கேள்வி: அம்பாசிடர் கார் எப்போது பந்தய விளையாட்டில் வரும்?
ஓய்வு பெற்ற வாடகைக் கார் ஓட்டுநர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் இருந்தது இந்த ஒரு வரிதான். அதற்குப் பின்னால் எத்தனை கல்யாண ஊர்வலம், எத்தனை பிரசவ அவசரம், எத்தனை நவக்கிரகக் கோயில் சுற்று இருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வார்ப்பு. மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. 2017-இல் அந்தப் பெயரைப் பிரான்சின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிவிட்டது. ஆகவே இன்று யாராவது அம்பாசிடரை விளையாட்டில் வைக்க விரும்பினால், தஞ்சாவூர் வாடகைக் கார் நிலையத்தின் அடையாளத்துக்குப் பிரெஞ்சுக்காரர் வழியாகத்தான் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். இந்திய நிறுவனம் ஒன்று ஒருமுறை முயன்றதும் உண்டு: 2017 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் டாடா 'ரேசமோ' என்ற சிறிய விளையாட்டுக் காரைக் காட்டி, அது 'ஃபோர்ஸா ஹொரைசன் 3'-இல் இடம்பெறும் என்று அறிவித்தது. பிறகு அந்தக் கார் உற்பத்திக்கே வரவில்லை.

ஆனால் பெரிய நிறுவனங்களை எதிர்பார்த்து உட்காராமல் நம் பிள்ளைகள் வேறு வழி கண்டுவிட்டார்கள். இந்தோனேசியாவில் செய்யப்பட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற கைப்பேசி விளையாட்டில், வண்டிகளை நாமே வரைந்து சேர்க்க இடம் உண்டு. அதில் நம் அரசுப் பேருந்துகளையும் தனியார் பேருந்துகளையும், வழித்தடப் பலகை முதல் பின்கண்ணாடி எழுத்துவரை பிசகாமல் செய்து போட்டிருக்கிறார்கள். 1972-இல் கும்பகோணத்தில் தொடங்கி, பின்னர் பெயர் மாறிய சோழன் போக்குவரத்துக் கழகத்தின் பழைய வண்ணத்தில்கூட ஒரு பேருந்தைச் செய்ய முடியாதா என்று என்னிடம் ஒரு பையன் கேட்டான். அவன் பிறப்பதற்குப் பல ஆண்டு முன்பே போன வண்ணம் அது. அனுமதி, உரிமம் என்று பார்த்தால் இவை எல்லாம் வேலி தாண்டி மேய்ந்த கணக்குத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், உங்கள் அம்பாசிடரைத் திரையில் பார்க்க வேண்டுமானால் பாரிஸைவிட இந்தப் பையன்களிடம் கேட்பதே விரைவில் பலிக்கும். கதவைச் சாத்தும்போது வரும் அந்தச் சத்தத்தை மட்டும் மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு வண்டி திரும்ப வரலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்? மழுப்பாமல் சொல்லவும்.
பெயர் குறிப்பிட விரும்பாதவர், சீர்காழி

பதில்: மழுப்பவில்லை. 1999-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'மிட்டவுன் மேட்னஸ்' விளையாட்டில், சிகாகோ நகரத் தெருக்களில் ஓட்டுவதற்கு மஸ்டாங் முதலிய வேகமான கார்களோடு ஒரு நகரப் பேருந்தும் இருந்தது. பந்தயத்தில் அதை வைத்து வெல்வது மிகக் கடினம். திரும்பவே அரைத் தெரு வேண்டும். ஆனால் எங்கள் பிரவுசிங் சென்டரில் என் நண்பன் ஒருவன் அதைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். பந்தயத்தை அவன் கண்டுகொள்ளவே மாட்டான். சிவப்பு விளக்கில் நிற்பான், பச்சையில் புறப்படுவான், தெருமுனை ஒவ்வொன்றிலும் நிறுத்தி, 'திருவிடைமருதூர் இறங்கு, ஆடுதுறை இறங்கு, குத்தாலம் இறங்கு' என்று குரல் கொடுப்பான். பக்கத்துக் கணினிகளில் 200 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். நேரம் முடிந்துவிட்டது, எழுந்திரு என்று கடைக்காரர் வந்து தோளைத் தட்டினால், நாற்காலியை விட்டு எழாமல், மயிலாடுதுறை வரை டிக்கெட் எடுத்தவர்கள் உள்ளே இருக்கிறார்கள், நடுவழியில் எப்படி இறக்கிவிடுவது என்று கேட்பான்.